இத்தாலிய மோட்டார் வண்டிகளும் அவற்றைப் பேணியோரும்

ஒரு பொருளின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அதனை ஆக்கியோரின் வரலாற்றை எழுதி அவ்வளவில் அமைந்துவிடுகின்றனர். யார் அமைத்தார், எவ்வாண்டில் அமைத்தார், எத்துணை அமைத்தார் என்பவற்றைக் கூறியதும் நூல் முற்றுப்பெற்றுவிடுகின்றது. ஆனால், ஆக்கப்பட்ட பொருள் தொழிற்சாலை வாயிலைக் கடந்த பின்னரும் வாழ்கின்றது. சில பொருள்கள் தம்மை ஆக்கியோரினும் நெடிது வாழ்கின்றன. அவை அவ்வாறு வாழ்வதற்குக் காரணராயிருப்போர் ஆக்கியோர் அல்லர், பேணியோரே. இவ்வுண்மையை விளக்குதற்கு இத்தாலி நாட்டு மோட்டார் வண்டிகளின் வரலாறு தக்கதொரு சான்றாகும்.

இத்தாலியின் வடபால் உள்ள தொரினோ நகரில் 1899ஆம் ஆண்டு யூலை மாதத்தில் பியற் நிறுவனம் தோன்றியது. அதே நகரில் 1906ஆம் ஆண்டில் வின்சென்சோ லான்சியா என்பார் தம் பெயரால் வேறொரு நிறுவனத்தைத் தொடங்கினார். மிலான் நகரில் 1910ஆம் ஆண்டில் எழுந்த அல்பா என்னும் நிறுவனம், 1915ஆம் ஆண்டில் நிக்கோலா ரோமியோ என்பாரின் கைப்பட்டுப் பின்னர் அல்பா ரோமியோ எனப் பெயர் பெற்றது. இம்மூன்றும் மூவகைப் பண்பின. பியற் பெருந்தொகையாக வண்டி செய்து மலிவாக விற்க விழைந்தது. அல்பா ரோமியோ ஓட்டப் பந்தயங்களிற் புகழ் தேடியது. லான்சியாவோ பொறியியற் புதுமையையே தன் நெறியாகக் கொண்டது. 1922ஆம் ஆண்டில் அது வெளியிட்ட லம்டா என்னும் வண்டியில், தனிச் சட்டம் ஒன்றின்மேல் உடலைப் பொருத்தும் பழைய முறை கைவிடப்பட்டு உடலும் சட்டமும் ஒன்றாகவே அமைக்கப்பட்டன. முன்சில்லுகள் இரண்டும் ஒன்றை ஒன்று சாராது தனித்தனியே அசையுமாறு வகுக்கப்பட்டன. இன்றைய வண்டிகளிற் பெரும்பாலானவை இவ்வழியையே பின்பற்றுகின்றன என்பது கருதத்தக்கது.

எனினும், இவ்வண்டிகள் நெடுங்காலம் செல்வர்க்கே உரியனவாயிருந்தன. 1936ஆம் ஆண்டில் தந்தே ஜாக்கோசா என்னும் இளம் பொறியியலாளரின் உழைப்பினாற் சிறு வண்டி ஒன்றைப் பியற் வெளியிட்டது. 569 கன சென்ரிமீற்றர் கொள்ளளவும் 13 பரிவலுவும் உடைய அவ்வண்டியை மக்கள் ‘தொப்பொலீனோ’, அதாவது சுண்டெலி, என அன்புடன் அழைத்தனர். அது செய்யப்பட்ட லிங்கோற்றோத் தொழிற்சாலை உலகோர் வியந்த ஒரு கட்டடம். 1923ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அதன் கீழ்மாடியிற் புகும் இரும்பும் தகரமும் மாடிதோறும் ஏறி ஏறி வண்டியாகி, ஈற்றிற் கூரைமேல் அமைந்த ஓடுபாதையிற் சோதிக்கப்பட்டன.

உலகப் போரின் பின்னர் இத்தாலியர் வாழ்வில் நிகழ்ந்த மாறுதல் பெரிது. 1950ஆம் ஆண்டில் அந்நாட்டில் ஓடிய தனியார் மோட்டார் வண்டிகள் ஏறத்தாழ 3,42,000. 1964ஆம் ஆண்டில் அவை ஏறத்தாழ 46,70,000 ஆயின. மிலான் நகரையும் நேப்பிள்சு நகரையும் இணைக்கும் ‘கதிரவன் நெடுஞ்சாலை’யின் வேலை 1956ஆம் ஆண்டில் தொடங்கி 1964ஆம் ஆண்டில் நிறைவெய்தியது. தெற்கே வறிய சிற்றூர்களிலிருந்து வடக்கே தொழிற்சாலைகளை நாடிச் சென்ற குடும்பங்கள், விடுமுறைக் காலத்திற் சொந்த வண்டியிலே ஊர் திரும்பும் நிலை உண்டாயிற்று.

இவ்வரலாற்றில் 1957ஆம் ஆண்டு ஒரு திருப்புமுனை எனலாம். பிரேசியா நகரிலே தொடங்கி உரோமாபுரி சென்று மீளும் ‘மில்லே மில்லியா’ என்னும் ஆயிரமைல் ஓட்டப் பந்தயம் 1927ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வந்தது. 1957ஆம் ஆண்டு மே மாதம் 12ஆம் நாள், குவிதிற்சோலோ என்னும் ஊரின் அண்மையில், விரைந்து வந்த வண்டி ஒன்றின் சில்லு வெடித்தது. ஓட்டியவரும் துணைவரும் மாண்டதோடு, தெருவோரம் நின்ற ஒன்பதின்மரும் உயிரிழந்தனர்; அவருள் ஐவர் சிறுவர். அத்துடன் அப்பந்தயம் ஒழிந்தது. அதே ஆண்டு யூலை மாதம் 4ஆம் நாள், ஜாக்கோசா வகுத்த ‘புதிய 500’ என்னும் சின்னஞ்சிறு வண்டி வெளிவந்தது. விரைவையே பெருமையாகக் கருதிய காலம் ஒன்று முடிய, பொதுமக்கள் வண்டியின் காலம் பிறந்தது.

அவ்வண்டியின் நீளம் மூன்று மீற்றருக்கும் குறைவு. பின்புறத்தே காற்றாற் குளிர்விக்கப்படும் இரட்டை உருளைப் பொறி. கொள்ளளவு 479 கன சென்ரிமீற்றர். வலு 13 பரி. கூரையின் ஒரு பகுதி துணியால் ஆயது. தொடக்கத்திற் பலர் இதனை விரும்பி வாங்கினார் அல்லர். பியற் உடனே திருத்தங்கள் செய்தது. 1975ஆம் ஆண்டில் உற்பத்தி நிறுத்தப்படும்வரை முப்பத்தைந்து இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன. இதனை ஓட்டுதற்கு ஒரு பழக்கம் வேண்டும். கியர் மாற்றும்போது பற்சில்லுகள் தாமாக இசைந்து கொள்வதில்லை. கிளச்சை ஒருமுறை மிதித்து விட்டு, பொறியின் வேகத்தைச் சிறிது கூட்டி, மீண்டும் மிதித்து மாற்றல் வேண்டும். இத்தாலியர் இதனை ‘தொப்பியேற்றா’ என்பர். தந்தை மகனுக்கும் தாய் மகளுக்கும் அருகிருந்து கற்பித்த கைவன்மை இது.

நிற்க, இவ்வண்டிகளின் உற்பத்தி நின்றபின் நிகழ்ந்தது யாது என்பதே நாம் ஈண்டு ஆராயவேண்டுவது. எப்பொருளுக்கும் ஓர் இடர்மிக்க நடுவயது உண்டு. புதிதாய் இருக்கும்போது அதனைப் பயன் கருதிக் காப்பர். மிகப் பழையதான பின்னர் அருமை கருதிக் காப்பர். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இருபது முப்பது ஆண்டுகளில் அது பயனும் குன்றி, அருமையும் எய்தாது, குப்பையோடு குப்பையாய் ஒழியும். உலகிற் செய்யப்பட்ட வண்டிகளிற் பெரும்பாலானவை இந்நடுவயதிலேயே மாண்டன. நூதனசாலைகள் இவ்விடர் தீர்க்க வல்லன அல்ல. தொரினோவில் 1960ஆம் ஆண்டு தமக்கெனக் கட்டப்பட்ட மாளிகையிற் குடிபுகுந்த மோட்டார் வண்டி நூதனசாலையின் சேர்க்கை சிறந்ததேயாயினும், நூதனசாலை ஒவ்வொரு வகைக்கும் ஒன்றையோ இரண்டையோதான் வைத்துக்கொள்ளும். ஏனைய ஆயிரக்கணக்கானவற்றைக் காத்தோர், அவற்றை விற்க மனமின்றி வீட்டு மூலையில் வைத்திருந்த எளிய மக்களே.

இத்தாலிய வண்டிகளைப் பேணுதல் எளிதான செயல் அன்று. அவற்றின் பொறிகள் இனியவை; ஓட்டம் உவகை தருவது. ஆனால், 1970களிற் செய்யப்பட்ட பல வண்டிகளின் தகரம் விரைவிலே துருப்பிடித்தது. 1972ஆம் ஆண்டில் வெளிவந்த லான்சியா பீற்றா வண்டிகளிற் சிலவற்றின் பொறியைத் தாங்கும் பகுதியே பிரித்தானியாவிற் துருவால் நைந்தமையின், 1980ஆம் ஆண்டளவில் அந்நிறுவனம் அங்கு விற்ற வண்டிகள் பலவற்றைத் தானே திரும்பப் பெற நேர்ந்தது. அங்கே இழந்த நற்பெயர் மீளவில்லை. 1994ஆம் ஆண்டில் லான்சியா பிரித்தானியச் சந்தையை விட்டு நீங்கியது. ஆயின், 1947ஆம் ஆண்டிலே அந்நாட்டு லான்சியா அன்பர்கள் அமைத்த சங்கம் நீங்கவில்லை. விற்றவர் போய்விட்டார், வாங்கியவர் நிலைத்து நின்றார்.

இதனை நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படுகின்றது. குறையில்லாத பொருளை உடையவனுக்கு அயலான் துணை வேண்டுவதில்லை. குறையுடைய பொருளை விரும்புகின்றவனோ, அக்குறையை முன்னரே கண்டு தீர்த்தவனைத் தேடிச் செல்லவேண்டியவனாகின்றான். எந்த வளையம் எங்கே கிடைக்கும், எந்த மூலையில் நீர் தேங்கித் துருவேறும், எந்த முதிய தொழிலாளியின் கைக்கு அப்பொறி பணியும் என்பன எந்நூலிலும் எழுதப்படாத செய்திகள். அவை வாய்மொழியாகவே வழங்கின. செல்வனும் கம்மியனும், ஆசிரியனும் மாணவனும் ஒரு வண்டியின் கீழே அருகருகே படுத்துக் கிடந்து இவற்றை அறிந்தனர். தேவையாற் பிறந்த இத்தொடர்பே காலப்போக்கில் நட்பாய்க் கனிந்தது. ஊர் கூடித் தேர் இழுப்பது என்னும் நம் வழக்கு இவர்க்கும் பொருந்தும்.

இந்நட்பு நாளடைவிற் சங்கங்களாய் உருப்பெற்றது. 1962ஆம் ஆண்டில் அல்பா ரோமியோ வண்டிகளுக்கென இத்தாலியிற் பதிவுக் கழகம் ஒன்று நிறுவப்பட்டது. 1966ஆம் ஆண்டிற் பழைய வண்டிச் சங்கங்கள் பலவற்றை ஒன்றிணைத்து நாடளாவிய கூட்டமைப்பு எழுந்தது. 1977ஆம் ஆண்டில் மில்லே மில்லியா மீண்டும் தொடங்கப்பட்டது. ஆயின், இம்முறை விரைவுப் பந்தயமாக அன்று. பழைய பந்தயத்தில் ஓடிய வகைகளைச் சேர்ந்த வண்டிகள், குறித்த இடத்தைக் குறித்த நேரத்திற் சென்றடையும் ஒழுங்கு ஓட்டமாக அது மாறியது. முந்துவதிலிருந்து பேணுவதற்கு மதிப்பு இடம்மாறியதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை.

1984ஆம் ஆண்டில், லிகூரியா மாகாணத்துக் கார்லெந்தா என்னும் சிற்றூரிற் பியற் 500 வண்டிக்கெனச் சங்கம் ஒன்று தோன்றியது. அப்போது அவ்வண்டி உற்பத்தி நின்று ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. அஃதாவது, நாம் மேலே கூறிய நடுவயதின் தொடக்கத்திலேயே இச்சங்கம் அதன் கைபற்றியது என்க. ஆண்டுதோறும் யூலை மாதத்திற் பல நாடுகளிலிருந்தும் சிறு வண்டிகள் அவ்வூரை நோக்கி ஊர்ந்து வருகின்றன. இன்று அச்சங்கத்தின் உறுப்பினர் இருபதினாயிரவர்க்கு மேற்பட்டோர். ஜாக்கோசாவின் பெயரால் ஒரு நூதனசாலையும் அவ்வூரில் உண்டு.

சங்கங்களின் பணி கூடிக் களித்தலோடு முடிவதன்று. ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் குறித்து, தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, உண்மையை நிறுவுகின்றனர். இது சாசனம் படிப்போர் செய்யும் பணிக்கு ஒப்பானது. இதன் பயன் அரசினராலும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1992ஆம் ஆண்டின் இத்தாலிய வீதிச் சட்டம், வரலாற்று மதிப்புடைய வண்டி எது என்பதற்கு இத்தகைய பதிவுக் கழகங்களின் பதிவையே சான்றாகக் கொண்டது. 2000ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று முப்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு உடைமை வரியை நீக்கியது. ஆர்வலர் குடிசையில் எழுதிய ஏடு அரசின் சட்டத்தில் இடம்பெற்றமை சிறிய செய்தி அன்று.

இதற்கு மாறானதொரு வரலாறும் உண்டு. 1953ஆம் ஆண்டில் வெளிவந்த பியற் 1100 வண்டியின் வழிவந்த வகையைப் பம்பாயிலே பிரீமியர் நிறுவனம் 1964ஆம் ஆண்டு முதல் செய்து வந்தது. பின்னர் அது பத்மினி எனப் பெயர்பெற்று, கறுப்பும் மஞ்சளுமாய் அந்நகரின் வாடகை வண்டியாகியது. அங்கே அதனை நெடுங்காலம் பேணியதற்குக் காரணம் விருப்பத்தினும் மிகுதியாகத் தேவையே. வேறு வண்டி அரிதாயிருந்த காலம் அது. வாடகை வண்டிகளுக்கு இருபது ஆண்டு எல்லை விதிக்கப்பட்டிருந்தமையால், 2003ஆம் ஆண்டு ஒற்றோபரிற் பதிவான இறுதி வண்டியின் காலமும் 2023ஆம் ஆண்டு ஒற்றோபரில் முடிவுற்றது. ஓரிடத்தில் வயது பெருமையாயிற்று. மற்றோரிடத்தில் வயதே தண்டனையாயிற்று. வண்டி ஒரே குலத்தது. வேறுபட்டது சட்டமும் அதனை அசைக்கவல்ல சங்கமுமே.

இனி, இப்பேணுதற்கு எதிராகக் கூறப்படுவனவற்றையும் நோக்குதல் முறையாகும். பழைய பொறிகள் காற்றை மாசுபடுத்துகின்றன என்பது மறுக்கொணாதது. ஓர் ஆண்டிற் சில நாள்களே ஓடும் வண்டியால் விளையும் தீங்கு சிறிதெனினும், அது தீங்கு அன்று எனல் ஆகாது. 2015ஆம் ஆண்டில் இத்தாலிய அரசு, பழைய வண்டிகளின் பொறியை அகற்றி மின்பொறி பொருத்துதற்கு விதி வகுத்தது. அவ்வாறு மாற்றப்பட்ட 500 அதே வண்டிதானா? கதவும் தகரமும் சில்லும் ஒவ்வொன்றாய் மாற்றப்பட்டபோது எழாத இவ்வினா, பொறி மாறும்போது மாத்திரம் ஏன் எழவேண்டும்? என் கருத்திற் பழைய உறுப்பு எத்தனை எஞ்சியுள்ளது என்பது இவ்வினாவின் விடையன்று. அதனைச் செய்த அறிவும் ஓட்டிய பழக்கமும் எஞ்சியுள்ளனவா என்பதே உரைகல். மின்பொறியில் தொப்பியேற்றா வேண்டாததாகின்றது. அதனைக் கற்பிக்கும் தந்தையும் வேண்டாதவராகின்றார். மாசு நீங்குதல் நன்றே. ஆயினும், அந்நன்மைக்கு நாம் கொடுக்கும் விலை இன்னதென அறிந்து கொடுத்தல் வேண்டும். எல்லாவற்றையும் மாற்றாது ஒரு சிலவற்றையேனும் உள்ளவாறே ஓடவிடுதல், ஏட்டிலடங்காத அவ்வறிவைக் காக்கும் வழியாகும்.

லிங்கோற்றோத் தொழிற்சாலை 1982ஆம் ஆண்டில் மூடப்பட்டது. பின்னர் அது கண்காட்சிக் கூடமும் கடைகளுமாய் மாறியது. வண்டிகள் விரைந்த கூரையில் இன்று பூஞ்செடிகள் வளர்கின்றன. லான்சியாவும் அல்பா ரோமியோவும் முறையே 1969ஆம், 1986ஆம் ஆண்டுகளிற் பியற்றின் உடைமையாகித் தம் தனியாட்சியை இழந்தன. ஆனால், அத்தொழிற்சாலையின் கீழ்மாடியிற் புகுந்து கூரைவரை ஏறிய சுண்டெலி வண்டிகளுட் பல, எவரோ ஒருவரின் கையாற் துடைக்கப்பட்டு, எண்ணெய் இடப்பட்டு, இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் காத்தோரின் பெயர் வரலாற்று நூல்களில் இல்லை. வரலாறு பயிலும் மாணவர் அப்பெயரில்லாதாரையும் தம் ஆராய்ச்சிக்குரியோராகக் கொள்வாராயின், ஆக்கியோரின் கதை அரைக் கதையே என்பதை உணர்வர்.