வடக்கே போகும் சாலை: ஒரு நாடு தன் கடைசி ஊர்களை எப்படிக் காத்தது?

நோர்வேயில் காரில் நீண்ட தூரம் போனவர்களுக்குத் தெரியும்: யாருமே இல்லாத ஒரு கடலோரத்தில் திடீரென்று ஒரு அழகான கழிவறை நிற்கும். ஹெல்கலாண்ட் கரையில் ஊரெத்பிளாசன் என்ற இடத்தில் 2018இல் திறந்த கழிவறை, ஒரு கொங்கிரீட் அலை போல வளைந்திருக்கும். உலகத்தின் அழகான கழிவறை என்று பத்திரிகைகள் எழுதின. அதைக் கட்டியது அரசின் சாலைத் துறை. ஆளே இல்லாத இடத்தில் அரசு ஏன் இவ்வளவு காசு செலவழிக்கிறது? இதற்குப் பதில் தேட 130 வருடங்கள் பின்னால் போக வேண்டும்.

1890களின் தொடக்கத்தில், குளிர்காலத்தில் ஹம்மர்ஃபெஸ்ட் நகரத்துக்கு அனுப்பிய கடிதம் போய்ச்சேர மாதக்கணக்கில் ஆகும். இருட்டு, புயல், கடலில் பாறைகள், கரையில் சில வெளிச்சவீடுகள் மட்டுமே. வருடம் முழுக்க ஓடும் ஒரு கப்பல் சேவை வேண்டும் என்று அரசு கேட்டபோது, பெரிய கம்பனிகள் இரண்டும் முடியாது என்றுவிட்டன. ரிச்சார்ட் வித் என்ற கப்டன் மட்டும் முன்வந்தார். அரசு அவருக்கு நான்கு வருட ஒப்பந்தமும் மானியமும் கொடுத்தது. 1893 யூலை 2ஆம் திகதி, அவருடைய நீராவிக் கப்பல் துரொண்ட்ஹெய்மில் இருந்து வடக்கே புறப்பட்டது. அதுதான் ஹுர்திக்ரூத்தன்.

அந்தக் கப்பல் தபாலுக்கும் மீனுக்கும் உள்ளூர் ஆட்களுக்குமானது. ஆனால் அதே கப்பலில் வேடிக்கை பார்க்கவும் ஆட்கள் ஏறினார்கள். இன்று பேர்கன் முதல் சிர்க்கனெஸ் வரை 34 துறைமுகங்களைத் தொடும் அந்தப் பயணத்துக்கு உலகம் முழுவதிலும் இருந்து வருகிறார்கள். அரசு இன்னமும் அந்தச் சேவைக்குப் பணம் கொடுக்கிறது. முதலில் ஊர்மக்களுக்காகச் செய்தது பிறகு விருந்தாளிகளையும் கொண்டுவந்தது. இந்த வரிசையை நினைவில் வைத்திருங்கள்.

அடுத்த கட்டம் எங்களுக்கும் நெருக்கமானது. 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் இராணுவம் பின்மார்க் மாகாணத்தின் பெரும்பகுதியை எரித்தது. போர் முடிந்ததும் அரசு ஊர்களைத் திரும்பக் கட்டியது. மீன் தொழிற்சாலைகள் வளர்ந்தன. 1980களில் அந்தத் தொழிற்சாலைகளுக்குத்தான் எங்கள் அப்பா, அம்மா, மாமா, சித்தப்பாமார் பலர் வேலைக்குப் போனார்கள். யாழ்ப்பாண வெயிலில் வளர்ந்தவர்கள், சூரியன் வராத குளிர்காலத்தில் நின்று மீன் வெட்டினார்கள். அந்த ஊர்களின் வரலாற்றில் அவர்களுக்கும் ஒரு பக்கம் உண்டு.

1980களின் இறுதியில் கொட் மீன் குறைந்தது. பிடிக்கலாம் என்ற அளவை அரசு கடுமையாக வெட்டியது. தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. இளம் ஆட்கள் தெற்கே போனார்கள். எங்கள் குடும்பங்களிலும் பல ஒஸ்லோவுக்கு இடம்மாறின. 1990இல் அரசு பின்மார்க்கையும் பக்கத்தில் வட துரொம்ஸ் பகுதியையும் சேர்த்து ஒரு விசேட வலயமாக்கியது. அங்கே வாழ்ந்து வேலை செய்தால் வருமான வரி குறைவு. படிப்புக் கடனிலும் வருடா வருடம் ஒரு பங்கு கழியும். ஆட்களை நிற்க வைக்க இதெல்லாம். ஆனால் நிற்கிறவருக்கு ஒரு தொழிலும் வேண்டுமே?

அந்த இடத்தில்தான் சுற்றுலாச் சாலைகள் வருகின்றன. 1990களில் சில சாலைகளில் சோதனை தொடங்கியது. 2012இல் 18 சாலைகள் தேசிய சுற்றுலாச் சாலைகள் என்ற தகுதியைப் பெற்றிருந்தன. சாலைகள் பெரும்பாலும் ஏற்கெனவே இருந்தவை. அரசு சேர்த்தது கார் நிறுத்துமிடம், பார்வை மேடை, நடைபாதை, கழிவறை. ஹொட்டேல், உணவகம், படகு எல்லாவற்றையும் ஊரவர்களிடம் விட்டது.

வாரங்கர் சாலை 160 கிலோமீற்றர். அதன் வழியில் கிளை பிரிந்து, கடலுக்கடியில் போகும் சுரங்கப்பாதையால் வார்தோ என்ற தீவு நகரத்துக்குப் போகலாம். 17ஆம் நூற்றாண்டில் பின்மார்க்கில் சூனியக் குற்றம் சாட்டி 91 பேரைக் கொன்றார்கள். அவர்களில் 77 பேர் பெண்கள். அவர்களுக்காக 2011இல் அங்கே ஒரு நினைவிடம் திறந்தார்கள். 91 சின்ன யன்னல்கள், ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு. பக்கத்தில் ஹோர்னோயா தீவில் ஆயிரக்கணக்கான கடற்பறவைகள். அவற்றைப் பார்க்க மார்ச் மாதப் பனியிலேயே ஆட்கள் வருகிறார்கள்.

மார்ச் என்பது முக்கியம். கோடையில் மட்டும் ஆள் வந்தால் வேலையும் கோடையில் மட்டும்தான். ஒரு குடும்பம் ஒஸ்லோவில் சாமான் வாங்கி, போகிற வழியில் கழிவறைக்குப் போய், படம் எடுத்துவிட்டுப் புறப்பட்டால் ஊருக்கு மிஞ்சுவது குப்பை மட்டுமே. அதே குடும்பம் ஒரு இரவு தங்கினால் அறை வாடகை, இரவுச் சாப்பாடு, படகுக் கட்டணம், பெற்றோல் என்று காசு நாலு கைக்குப் போகும். படுக்கை விரிப்பு மாற்றுபவருக்கும் மீன் விற்பவருக்கும் சம்பாத்தியம். ஊரவர்களின் வியாபாரம் மட்டும் போதாத பலசரக்குக் கடையும் திறந்திருக்கும். அந்தக் கடை திறந்திருந்தால் ஊரில் உள்ள வயதானவர்கள் பாலுக்கு அடுத்த ஊருக்குப் போக வேண்டியதில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. லொபோத்தனில் கோடையில் கார்கள் நிரம்பி வழிகின்றன. குப்பை அள்ளுவதும் பாதை திருத்துவதும் சின்ன நகரசபைகளின் தலையில் விழுகின்றன. அதனால் 2025இல் பாராளுமன்றம் ஒரு சட்டத்தை ஏற்றது: நெரிசல் அதிகமான இடங்களில், தங்கும் கட்டணத்தில் 3 சதவீதம் வரை நகரசபை வசூலிக்கலாம். வார்தோவிலும் பழைய கூட்டம் திரும்பவில்லை. ஒரு காலத்தில் இருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் இப்போது இருக்கிறார்கள். சுற்றுலா மீன் தொழிற்சாலைக்கு ஈடாகாது. ஆனால் மிச்சமிருக்கும் பாதி நிலைக்க அது ஒரு முட்டுக்கொடுக்கிறது.

அரசு கொடுத்த காசு வீணா என்று கேட்பவர்கள் நோர்வேயிலும் உண்டு. என் பதில் இது: சாலையும் கப்பலும் விருந்தாளி வராத நாளிலும் ஊரவருக்குப் பயன்படுகின்றன. அப்படிப்பட்டவற்றில் போட்ட காசு வீணாவதில்லை. விளம்பரத்தில் மட்டும் போட்டிருந்தால் ஒரு கோடையோடு முடிந்திருக்கும்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம், அவர்கள் எந்த ஊரில் மீன் வெட்டினார்கள் என்று கேளுங்கள். வடக்கே போகிற வாய்ப்பு வந்தால் அந்த ஊரில் ஒரு இரவாவது தங்குங்கள். காலைப் பாணை அந்த ஊர்க் கடையிலேயே வாங்குங்கள்.