மோல்ட்கே: ஒரே பெயரில் மூவர்

ஐரோப்பியப் போர் வரலாற்றைப் பயிலத் தொடங்குவோரைக் குழப்பும் பெயர்களுள் ஒன்று ஹெல்முத் ஃபான் மோல்ட்கே. 1866, 1914, 1945 ஆகிய மூன்று ஆண்டுகளின் நிகழ்வுகளிலும் இப்பெயர் இடம்பெறுகிறது. மூவரும் ஒரே குடும்பத்தினர்.

மூத்தவர் 1800இல் பிறந்தவர். 1857 முதல் 1888 வரை பிரஷ்யப் படையின் தலைமைப் பணியகத்தை வழிநடத்தினார். படைகளைத் தனித்தனியே நகர்த்திக் களத்தில் ஒன்றுசேர்க்கும் முறைக்கு இருப்புப் பாதையையும் தந்தியையும் பயன்படுத்தினார். 1866இல் கோனிக்ரேட்ஸில் ஆஸ்திரியாவையும், 1870இல் செடானில் பிரான்ஸையும் வென்றார். 1866 வெற்றிக்காக வழங்கப்பட்ட பரிசுப் பணத்தில் சிலேசியாவின் கிரைசாவ் பண்ணையை வாங்கினார். ஆயினும் 1890இல், தம் 89ஆம் வயதில், அடுத்த போர் ஏழாண்டும் நீளலாம், முப்பதாண்டும் நீளலாம் என்று நாடாளுமன்றத்தில் எச்சரித்தவரும் அவரே.

அவருடைய தம்பி மகன் இளைய மோல்ட்கே 1906இல் அதே பதவிக்கு வந்தார். 1914 ஆகஸ்ட் 1 அன்று, படைகளை மேற்கிலிருந்து கிழக்கே திருப்புமாறு பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் பணித்தார். இயலாது என்றார் மோல்ட்கே. உன் பெரியப்பா வேறு விடை சொல்லியிருப்பார் என்று பேரரசர் கூறியது தம்மை ஆழமாகப் புண்படுத்தியதாக அவரே பின்னர் எழுதிவைத்தார். மார்ன் ஆற்றங்கரைப் பின்னடைவுக்குப்பின் பதவியிழந்து 1916இல் மறைந்தார்.

மூன்றாமவர் ஹெல்முத் ஜேம்ஸ், 1907இல் கிரைசாவில் பிறந்தவர், சட்ட அறிஞர். இரண்டாம் உலகப் போரின்போது படைத்துறை உளவுப் பிரிவில் பன்னாட்டுச் சட்ட வல்லுநராகப் பணியாற்றியபடியே, போர்க் கைதிகள் சட்டப்படி நடத்தப்பட வேண்டுமென வாதாடினார். ஹிட்லருக்குப் பிந்தைய ஜெர்மனி எவ்வாறு அமைய வேண்டும் என்று ஆராய, கிரைசாவில் நண்பர்களைக் கூட்டினார். 1944 ஜனவரியில் கைதானார். ஓராண்டு கழித்து, 1945 ஜனவரி 23 அன்று, பெர்லின் புளோட்சன்சே சிறையில் தூக்கிலிடப்பட்டார். மனைவி ஃபிரேயாவுக்கு அவர் எழுதிய கடிதங்கள் தேன்கூட்டுப் பெட்டிகளில் மறைக்கப்பட்டுத் தப்பின.

மூவரையும் ஒருசேர நோக்கும்போது, குடிப்பெருமை எதையும் முன்கூட்டியே தீர்மானிப்பதில்லை என்பது விளங்கும். மூத்தவரின் பெயர் இளையவருக்குச் சுமையாயிற்று. மூன்றாமவரோ அப்பெயரைத் தாங்கியபடியே அரசின் கொடுமையை எதிர்த்து நின்றார்.

கிரைசாவ் இன்று போலந்தில் உள்ளது. 1989 நவம்பரில் ஜெர்மானியப் பிரதமர் கோலும் போலந்துப் பிரதமர் மசோவியெட்ஸ்கியும் நல்லிணக்க வழிபாட்டிற்காகக் கூடியது அங்கேதான். போர்வெற்றிப் பணத்தில் வாங்கிய பண்ணை, இன்று பல நாட்டு இளைஞர்கள் சந்திக்கும் இடமாக விளங்குகிறது.