நூலும் வாசகனும்: பீப்ஸின் நாட்குறிப்புத் தரும் சான்று

இலக்கிய வரலாறு எழுதுவோர் நூலாசிரியர் யார், நூல் எக்காலத்தது, பதிப்பித்தவர் யார் என்பனவற்றை ஆராய்வதிற் காட்டும் அக்கறையை, அந்நூலைக் கையிலெடுத்த வாசகன் யாது நினைத்தான் என்பதிற் காட்டுவது குறைவு. இதற்கு ஆராய்ச்சியாளரை மட்டும் குறைகூறுதல் பொருந்தாது; சான்றுகள் அரியன. சிறப்புப்பாயிரங்களும் மதிப்புரைகளும் கிடைக்கின்றனவெனினும் அவை பிறர் கேட்கக் கூறப்பட்டவை. தனித்திருந்து படித்த ஒருவன் தனக்குத்தானே கூறிக்கொண்டது யாது? இவ்வினாவுக்கு விடைதரும் ஆவணங்களுள் ஒன்று சாமுவேல் பீப்ஸ் என்னும் ஆங்கிலேயரின் நாட்குறிப்பாகும்.

பீப்ஸ் (1633 - 1703) இலண்டனில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்து, கடற்படை நிருவாகத்தில் உயர்பதவி வகித்தவர். 1660 சனவரி 1 முதல் 1669 மே 31 வரை சுருக்கெழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். அவர் தேடிச்சேர்த்த ஏறத்தாழ 3,000 நூல்களுடன் அதுவும் 1724 இல் கேம்பிரிட்ஜ் மோட்லின் கல்லூரியை அடைந்தது. அதன் ஒரு பகுதி 1825 இலேதான் முதன்முதலாக அச்சேறியது.

அவர் பெரிதும் விரும்பிய நூல்களுள் ஒன்று றொபேட் ஹூக்கின் 'மைக்கிரோகிராபியா'. நுணுக்குக்காட்டியினூடாகக் கண்ட தெள்ளு, பேன் முதலியவற்றின் பெரிய படங்களைக் கொண்டது அது. 1665 சனவரியில் அந்நூல் வீடுவந்து சேர்ந்த மறுநாளிரவு இரண்டு மணிவரை விழித்திருந்து படித்த பீப்ஸ், தம் வாழ்நாளிற் படித்தவற்றுள் இதனையொத்த நுண்ணறிவு வாய்ந்த நூல் வேறில்லையெனக் குறித்தார். (1681 இல் வெளிவந்த றொபேட் நொக்ஸின் இலங்கை பற்றிய நூலுக்கு முன்னுரை எழுதியவரும் இதே ஹூக் ஆவார்.) புதிய விஞ்ஞானம் அறிஞர் குழாத்தைக் கடந்து ஓர் அலுவலரின் படுக்கையறை வரை சென்றமையை இக்குறிப்பு உணர்த்துகின்றது.

இதனினும் சுவையானது 'ஹூடிபிராஸ்' பற்றிய செய்தி. தூய்மைவாதிகளை எள்ளி நகையாடிச் சாமுவேல் பட்லர் இயற்றிய இச்செய்யுள் நூலை இலண்டன் நகரே கொண்டாடியது. மன்னர் இரண்டாம் சார்ள்சும் விரும்பினார். 1662 டிசெம்பர் 26 இல் பீப்ஸ் இதனை 2 சிலிங் 6 பென்சுக்கு வாங்கினார். படித்ததும் வெறுப்புற்று, அன்றே 18 பென்சுக்கு விற்றுவிட்டார். ஆயின் ஊரார் புகழ்ச்சி அவரை விடவில்லை. உலகமே மெச்சுவதைத் தாம் வெறுப்பது தம் மனக்கோளாறேயென எண்ணி, 1663 பெப்ருவரியில் அதனை மீண்டும் வாங்கினார். இரண்டு மூன்று முறை முயன்று படித்தும் சிரிப்பு வரவில்லை. இரண்டாம் பாகம் வெளிவந்தபோது அதனை இரவலாகப் பெற்றார். அதே ஆண்டு டிசெம்பரில், சோசரும் சேக்சுபியரும் கடையில் இருக்க அவற்றை விடுத்து, வேறு சில நூல்களுடன் இதன் இரு பாகங்களையுமே வாங்கினார். அப்போதும் அதன் நகைச்சுவை எங்குள்ளதெனத் தமக்குப் புலப்படவில்லையென ஒப்புக்கொண்டார்.

இவ்வெறுப்புக்குக் காரணம் யாது? 1649 இல் மன்னர் முதலாம் சார்ள்சு சிரச்சேதம் செய்யப்பட்டதைச் சிறுவனாயிருந்து கண்டு ஆதரித்தவர் பீப்ஸ். முடியாட்சி மீண்டபின், தாம் அன்று கூறியதைப் பழைய பள்ளித்தோழர் நினைவுகூர்வாரோவென 1660 இல் அஞ்சியதையும் அவரே எழுதியுள்ளார். தோல்வியுற்ற தரப்பினரைப் பழிக்கும் நூல் அவர்க்குச் சிரிப்பூட்டாமைக்கு இது காரணமாயிருக்கலாம். இஃது எமது ஊகமே. ஆயினும், வெளியே அரசபக்தராய் வாழ்ந்தவர் அவையோடு சேர்ந்து சிரிக்க முயன்றும் இயலாது நின்றார் என்பது ஊகமன்று.

நாட்குறிப்பிலும் மறைப்பு உண்டா என்பது அடுத்த வினா. 1668 பெப்ருவரியில் பிரெஞ்சு மொழியிலான ஆபாச நூலொன்றை, படித்ததும் எரித்துவிடும் எண்ணத்துடன், எளிய கட்டமைப்பில் வாங்கினார். மறுநாள் படித்து முடித்தார். தம் நூல்களிடையே இருந்து இழுக்குத் தருமென அஞ்சி எரித்தார். உலகத்தின் தீமையை அறிந்துகொள்ள ஒருமுறை படிப்பதில் தவறில்லையெனத் தமக்கே சமாதானமும் கூறிக்கொண்டார். நூலகத்திற்குச் சொல்லாததை நாட்குறிப்புக்குச் சொன்னார். பின்வந்த பதிப்பாசிரியர்களோ இத்தகைய பகுதிகளை நீக்கினர். 1970 தொடக்கம் 1983 வரை வெளிவந்த பதிப்பே முழுமையானது.

ஒருவரின் விருப்பு வெறுப்பு ஒரு காலத்தின் இரசனையாகிவிடாது. பீப்ஸ் வசதிபடைத்த நகரத்தார். சேக்சுபியரின் 'ஒதெல்லோ'வையே இன்று பலர் அறியாத ஒரு நாடகத்தின் முன் அற்பமெனத் தள்ளியவர். ஆயினும் அவர் தீர்ப்புச் சரியா பிழையா என்பதிலன்று, அது அவருடையதாயிருத்தலிலேயே சான்றின் பெறுமதி தங்கியுள்ளது.

பல்கலைக்கழகத்தில் நாம் நூல்கள் பற்றி எழுதுவன எத்தகையவை? விரிவுரையிற் கேட்ட புகழுரையை விடைத்தாளிலும், நண்பர் குழாத்திற் கேட்ட இகழுரையை உரையாடலிலும் ஒப்புவிக்கின்றோம். எமது தலைமுறை எவற்றை உண்மையில் நயந்தது, எவற்றை வெறுத்தது என நாளை ஒருவர் ஆராயப் புகின், அவருக்கு எம்மிடமிருந்து எஞ்சுவது யாது? பிடிக்கவில்லை என்பதைத் தனக்கேனும் ஒளியாது எழுதிவைத்த ஒருவரிடம் நாம் கற்கவேண்டியது இதுவேயெனலாம்.