ஹேட்ரியன் சுவர் வழியே ஏழு நாள்

ஒரு பேரரசின் இயல்பை அதன் தலைநகரில் காண்பதைவிட எல்லையில் காண்பதே நன்று என்பது என் நெடுநாளைய எண்ணம். அவ்வெண்ணமே ஐம்பது வயதைக் கடந்த என்னை இங்கிலாந்தின் வடபகுதியில் ஏழு நாள் கால்நடையாகச் செல்லத் தூண்டியது. மேற்குக் கடற்கரையின் போனெஸ் சிற்றூரில் தொடங்கி, கிழக்கே டைன் ஆற்றங்கரையிலுள்ள வால்சென்டில் முடியும் அந்நடைபாதை 2003ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. 84 மைல் நீளமுடையது.

உரோமப் பேரரசன் ஹேட்ரியன் கி.பி. 122இல் பிரித்தானியாவுக்கு வந்தான். அவன் ஆணையால் எழுந்த சுவர் தீவின் குறுக்கே 73 மைல் நீண்டது. உரோம மைலுக்கு ஒரு சிறு கோட்டை, இரு கோட்டைகளுக்கு நடுவே இரண்டு காவற்கோபுரங்கள் என அளந்து கட்டினர். மேற்குப் பகுதியை முதலில் புல்மண் கட்டிகளால் எழுப்பிப் பின்னரே கல்லால் மாற்றினர்.

முதல் இரு நாளும் நான் சுவரைத் தேடித் தேடியே நடந்தேன். கற்கள் எங்கே போயின? லானர்காஸ்ட் துறவிமடத்தின் சுவர்களில் இருக்கின்றன. உழவர் வீடுகளிலும் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் அரசாங்கமே சுவரை இடித்துப் படைச்சாலை போட்டது. பின்னர், கருங்கற் பாறை முகடுகளின்மீது சுவர் ஏறி இறங்கும் நடுப்பகுதியை அடைந்தபோது, மழையையும் முழங்கால் வலியையும் மறந்தேன்.

சுவருக்குத் தெற்கே விண்டோலாண்டா என்னும் கோட்டை உள்ளது. அது சுவரினும் பழமையானது. அங்கே 1973ஆம் ஆண்டுமுதல் மெல்லிய மரத்தகடுகளில் மையால் எழுதிய மடல்கள் கிடைத்து வருகின்றன. நம் ஓலைகள் செல்லரித்து அழிய, ஈரச்சேறு அவற்றைக் காற்றுப் புகாமற் காத்தது. ஒரு தகட்டில், வெர்ஜில் என்னும் கவிஞரின் காப்பிய வரியொன்றைப் பயிலும் கை எழுதியிருக்கிறது. அதையடுத்து வேறொரு கை ஒரு சொல்லைச் சுருக்கி எழுதியுள்ளது. ‘சோம்பலான எழுத்து’ என்று ஆசிரியர் இட்ட குறிப்பு அது என அறிஞர் கருதுவர். சிவப்பு மையோடு முப்பதாண்டு கழித்தவன் நான். சிரிப்பை அடக்க முடியவில்லை.

மற்றொரு தகட்டில், காம்பாக்சு என்னும் படைவீரன் மிளகுக்காக 2 தெனாரி கணக்கு வைத்திருக்கிறான். அந்நாளில் உரோமர்க்கு மிளகு சென்றது நம் சேரநாட்டு முசிறித் துறையிலிருந்து. யவனர் மரக்கலங்கள் அங்குப் பொன்னைத் தந்து மிளகு கொண்ட செய்தியை அகநானூற்றின் 149ஆம் பாடலில் மாணவர்க்குக் கற்பித்திருக்கிறேன். அம்மிளகு இந்தக் குளிர்காட்டுக் கணக்கில் முடியுமென எண்ணியதில்லை.

நடை முடிந்த மறுநாள் டைன் ஆற்று முகத்திலுள்ள சவுத் சீல்ட்சு அருங்காட்சியகம் சென்றேன். சிரியாவின் பல்மைரா நகரத்தவனான பராத்தேசு, இரண்டாம் நூற்றாண்டில் தன் மனைவி ரெகினாவுக்கு எழுப்பிய கல்லறைக்கல் அங்குள்ளது. அவள் பிரித்தானியாவின் கட்டுவெல்லௌனி இனத்தாள். அடிமையாயிருந்து அவனால் விடுதலை பெற்றவள். முப்பது வயதில் இறந்தாள். பிரம்பு நாற்காலியில் அமர்ந்திருக்கும் அவள் மடியில் நூல்நூற்கும் கதிர் இருக்கிறது. முகம் மட்டும் சிதைந்துவிட்டது. கீழே இலத்தீன் வரிகள். அவற்றில் எழுத்துகள் ஒழுங்கின்றிக் கிடக்கின்றன. வேற்றுமை உருபுகள் தடுமாறுகின்றன. அவற்றின் அடியில் பல்மைரா மொழியில் ஒரே ஒரு வரி. அதில் தடுமாற்றமே இல்லை. அவள் தன்னால் விடுதலை பெற்றவள் என்பதைச் சொல்லி, ஓர் அழுகைச் சொல்லோடு அது நின்றுவிடுகிறது.

அவ்வரியை அந்த ஊரில் எத்தனை பேரால் படிக்க முடிந்திருக்கும்? ஒருவேளை அவன் ஒருவனால் மட்டுமே. நான் அதன்முன் நின்றுகொண்டே இருந்தேன். மூடும் நேரம் வந்துவிட்டதெனக் காவலர் வந்து சொன்னார்.