மரத்தரையும் மூன்று மனிதர்களும்

நம் வீடுகளில் தரையைச் சுத்தம் செய்வதென்றால் தண்ணீர்தான். இரண்டு வாளி நீரைக் கொட்டி, துடைப்பத்தால் தள்ளி முற்றத்துச் சாக்கடையில் சேர்த்துவிட்டால் கல்தளமும் சிமிண்டுத் தளமும் முகம் கழுவிய குழந்தை மாதிரி ஆகிவிடும். மரத்தரைக்கு இந்த உபசாரம் ஆகாது. ஈரத்தைக் குடித்தால் பலகை அகலவாக்கில் உப்பும். காய்ந்தால் சுருங்கி இடைவெளி விடும். ஈரம் தங்கினாலோ அழுகிப்போகும். ஆகவே மரத்தரையின் சரித்திரம் என்பது, தண்ணீரை நம்பாமல் ஒரு தரையைப் பளபளப்பாக வைத்துக்கொள்ள மனிதர்கள் பட்ட பாட்டின் சரித்திரம்தான். அதில் பாடுபட்டவர் யார் என்பதுதான் நாம் கேட்கவேண்டிய கேள்வி.

அந்தச் சரித்திரத்தின் ஆடம்பரமான அத்தியாயம் பிரெஞ்சு தேசத்தில், பதினான்காம் லூயி மன்னன் காலத்தில் நடந்தது. வெர்ஸேல்ஸ் அரண்மனையில் சலவைக்கல் தரைகள் இருந்தன. பார்க்க அழகுதான். ஆனால் சலவைக்கல்லை ஓயாமல் கழுவவேண்டும். கழுவிய நீர் கசிந்து, கீழே தாங்கிக்கொண்டிருந்த மர உத்தரங்கள் அழுகத் தொடங்கின. மேலே அரசனின் கம்பீரம், அடியில் அழுகல்! 1684-இல் அந்தக் கல்லுக்குப் பதிலாக ஓக் மரத்தரை போடலானார்கள்.

அதைப் போட்ட விதம் தச்சுத் தொழிலின் சாமர்த்தியத்துக்கு நல்ல அத்தாட்சி. ஏறத்தாழ ஒரு மீட்டர் சதுரமுள்ள சட்டங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் சிறு பலகைகள் கோரைப்பாய்ப் பின்னல்போல ஒன்றன்கீழ் ஒன்று நுழைந்து கிடக்கும். இது வெறும் அலங்காரம் அல்ல. அகலமான ஒரே பலகை உப்பினால் தரை முழுதும் தூக்கிக்கொள்ளும். சிறு துண்டுகளாகச் சட்டத்துக்குள் பூட்டிவிட்டால், உப்புவதையும் சுருங்குவதையும் அவை தமக்குள் பங்கிட்டுக்கொள்ளும். பொருத்துக்களுக்கு மர ஆணிதான். ஓக் மரத்தில் ஒருவகைத் துவர்ப்புச் சத்து உண்டு. ஈரத்தில் இரும்பு அதோடு சேர்ந்தால் மை கொட்டியதுபோலக் கறுப்புக் கறை விழும்.

சரி, கழுவாமல் இதை எப்படித் துலக்குவது? மெழுகு பூசித் தேய்க்கவேண்டும். அதற்கென்றே பிரெஞ்சு நாட்டில் ஒரு தொழில் பிறந்தது. காலில் தூரிகையைக் கட்டிக்கொண்டு, நாட்டியம் ஆடுகிறவர்போல அறை முழுதும் வழுக்கி வழுக்கித் தேய்ப்பார்கள். அதே வெர்ஸேல்ஸில் எழுபத்துமூன்று மீட்டர் நீளமுள்ள கண்ணாடி மண்டபம் இருக்கிறது. 1871-இல் ஜெர்மன் சாம்ராஜ்யம் பிரகடனமானது அங்கேதான். 1919-இல் தோற்ற ஜெர்மனி கையெழுத்திட்டதும் அங்கேதான். மண்டபத்துக்குள் வந்தவர் பெயரெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. தரைக்கு மெழுகு தேய்த்தவர் ஒருவர் பெயரைக்கூட நாம் படித்ததில்லை.

அந்தப் பெயரில்லாதவர்களை ஒருவர் பார்த்தார். குஸ்தாவ் கய்போத் என்ற இளம் ஓவியர், பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளை. 1875-இல் அவர் தீட்டிய படத்தில் பாரிஸ் மாளிகை ஒன்றின் வெற்று அறை தெரிகிறது. சட்டையில்லாத மூன்று மனிதர்கள் முழங்காலிட்டுத் தரையை இழைக்கிறார்கள். ஜன்னல் வெளிச்சம் அவர்கள் முதுகிலும் பலகையிலும் ஒன்றுபோல விழுகிறது. இழைத்த கோடு வெளுத்தும், இழைக்காத கோடு கறுத்துப் பளபளத்தும் கிடக்கின்றன. மரச்சுருள்கள் சிதறியிருக்கின்றன. ஒருவர் பக்கத்து ஆளை நோக்கித் தலையைச் சாய்த்து ஏதோ பேசுகிறார். ஓரத்தில் ஒரு மதுப்புட்டியும் கண்ணாடிக் கிண்ணமும்.

அரசாங்க ஓவியக் கண்காட்சியின் நடுவர்கள் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வயலில் கதிர் பொறுக்கும் பெண்களை மீயே வரைந்தது அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே. கிராமத்து ஏழை படத்துக்குள் வந்தாகிவிட்டது. ஆனால் தங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து, தாங்கள் நடக்கும் தரையில் வியர்வை சிந்தும் நகரத்துக் கூலியாளைச் சுவரில் மாட்டிப் பார்க்க அவர்களுக்கு மனம் வரவில்லை. 1876-இல் இம்ப்ரெஷனிஸ்ட் நண்பர்களோடு சேர்ந்து கய்போத் அதைக் காட்சிக்கு வைத்தார். அப்போது குறை சொன்னவர்களில் நாவலாசிரியர் எமிலி ஜோலாவும் ஒருவர்! இத்தனை துல்லியம் கலையாகாது என்பது அவர் கட்சி. அதே ஆண்டில் பாரிஸ் தொழிலாளரின் வாழ்க்கையைத் தொடர்கதையாக வெளியிட்டுக்கொண்டிருந்தவர் அவர். எழுதுகிறவர்களுக்கு எல்லாம் தெரிந்துவிடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

1894-இல் கய்போத் இறந்தபோது, தாம் சேர்த்த நண்பர்களின் ஓவியங்களை அரசாங்கத்துக்கு எழுதிவைத்திருந்தார். தம்முடைய படம் எதையும் அதில் சேர்க்கவில்லை. ரெனுவாரின் முயற்சியால், குடும்பத்தார்தாம் அந்த மூவர் படத்தையும் கொடுத்தார்கள். இன்று பாரிஸின் ஓர்ஸே அருங்காட்சியகத்தில் அதன்முன் ஜனங்கள் நின்று பார்க்கிறார்கள்.

இப்போது தேய்க்க மின்சார இயந்திரம் இருக்கிறது. முழங்கால் தேயாமல் வேலை முடிகிறது, நல்லதுதான். ஆனால் மரத்தின் குணம் மாறவில்லை. இன்று வீட்டில் மரத்தரை போடுகிறவர்களும் பலகைகளை அதே அறையில் சில நாள் கிடத்தி அந்தக் காற்றுக்குப் பழக்கவேண்டும். சுவரோரம் அது உப்ப இடம்விட்டு, ஒட்டுப்பலகையால் மறைக்கவேண்டும். மணல் கீறும் என்பதால் நாள்தோறும் பெருக்கவேண்டும். ஈரத்துணியை நன்றாகப் பிழிந்துவிட்டே துடைக்கவேண்டும். இவ்வளவையும் செய்யச் சொல்லும் எஜமானர் ஒருவர். குனிந்து செய்கிறவர் பெரும்பாலும் வேறொருவர். தரை பளபளக்கிறதே என்று விருந்தாளி மெச்சும்போது, புன்னகையோடு அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்கிறவர் எஜமானர்தான். அதைச் சமையலறைப் பக்கம் நிற்பவருக்கும் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?