சீட்டு கையில், முதல் பையில்

இத்தாலியில் கார்டானோ என்று ஒரு வைத்தியர் இருந்தார். பிறந்தது 1501. வைத்தியம், கணிதம், ஜோசியம் என்று ஒன்றையும் விட்டுவைக்காத ஆசாமி. கூடவே பெரிய சூதாடி. வருடக்கணக்கில் பகடையே கதியாகக் கிடந்ததைத் தன் சுயசரிதையில் அவரே ஒப்புக்கொள்கிறார். பகடையில் எது விழ எவ்வளவு வாய்ப்பு என்று முதலில் கணக்குப் போட்டவர்களில் ஒருவர். அதைப் புத்தகமாகவும் எழுதினார். (அச்சில் வந்ததென்னவோ அவர் போய்ச் சேர்ந்து 87 வருடம் கழித்து, 1663-ல்!)

அந்தப் புத்தகத்தில் வெறும் கணக்கு மட்டும் இல்லை. யாரோடு ஆடலாம், எவ்வளவு வைத்து ஆடலாம், கோபம் வந்தால் என்ன ஆகும் என்றெல்லாம் சொல்லிவிட்டு, ஆடாமல் இருப்பதே பெரிய லாபம் என்கிறார். நம்ம வள்ளுவர் 'சூது' என்று ஓர் அதிகாரமே வைத்து, ஜெயித்த காசைக்கூடத் தூண்டில் முள் என்றவர். இரண்டு பேரில் சூதாட்டக் களத்திலிருந்து சொன்னவர் கார்டானோதான் என்பதால் அவருடைய பேச்சுக்குத் தனி மரியாதை.

சீட்டாடியே பிழைக்க நினைப்பவனுக்கு மூன்று விஷயம் வேண்டும். ஆடத் தெரிய வேண்டும். முதலைக் காப்பாற்றத் தெரிய வேண்டும். மனசு கையில் இருக்க வேண்டும். ஐந்நூறு வருட வரலாற்றைப் புரட்டினால், முதலாவதில் தோற்றவர்களைவிட மற்ற இரண்டில் தோற்ற கெட்டிக்காரர்களின் கதைதான் நெஞ்சில் நிற்கிறது.

முதல் பற்றிய கணக்கு பாஸ்கல், ஹைகன்ஸ் காலத்திலேயே வந்துவிட்டது. ஹைகன்ஸ் 1657-ல் வெளியிட்ட சிறு நூலின் கடைசிக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 'சூதாடியின் அழிவு' என்ற கணக்கு. விஷயம் சிம்பிள். என்னிடம் 1,000 ரூபாய், உங்களிடம் 9,000 ரூபாய். பூவா தலையா, ஒரு தடவைக்கு ஒரு ரூபாய், ஒருவர் கை காலியாகும் வரை ஆட்டம். துளி ஏமாற்று இல்லாத இந்த ஆட்டத்தில் நான் ஓட்டாண்டி ஆவதற்கான வாய்ப்பு 90 சதவீதம்! ஆட்டம் நியாயமாக இருந்தால் போதாது, முதலும் பெரிதாக இருக்க வேண்டும்.

சரி, ஆட்டம் எனக்குச் சாதகமாகவே இருந்தால்? அதற்குப் பதில் 1956-ல் வந்தது. பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஜான் கெல்லி சொன்ன சூத்திரம் அது. நூற்றுக்கு 55 தடவை நீங்கள் ஜெயிக்கும், வைத்த அளவே கிடைக்கும் பந்தயம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் கையிருப்பில் 10 சதவீதம் வைத்தால் பணம் மிக வேகமாக வளரும். பேராசைப்பட்டு 20 சதவீதம் வைத்தால் வளர்ச்சி ஏறக்குறைய பூஜ்யம். 40 சதவீதம் வைத்தால், நன்றாக ஆடிக்கொண்டே நடுத்தெருவுக்கு வரலாம். 'நான் நல்லாத்தானே ஆடுறேன், அப்புறம் ஏன் காசு போகுது' என்பவர்கள் எல்லோரும் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

இதைக் களத்தில் இறங்கிச் செய்து காட்டியவர் எட்வர்ட் தார்ப் என்ற கணித ஆசிரியர். 1961-ல் பிளாக்ஜாக் ஆட இரண்டு பணக்காரர்கள் அவருக்கு ஒரு லட்சம் டாலர் வரை தரத் தயாராக இருந்தார்கள். பத்தாயிரம் போதும் என்றார். உட்கார்ந்ததும் ஒரு டாலர், பத்து டாலர் என்றே ஆரம்பித்தார். அந்தத் தொகை மனசுக்குப் பழகிய பிறகுதான் அடுத்த படி. சில நாட்களில் பத்தாயிரம் இரட்டிப்பானது. 1962-ல் அவர் எழுதிய புத்தகத்தைப் பார்த்து லாஸ் வேகாஸ் அரண்டது தனிக்கதை.

போக்கர் உலகக் கோப்பை மாதிரியான போட்டி லாஸ் வேகாஸில் 1970-ல் தொடங்கியது. அதன் முதன்மைப் பட்டத்தை 1980, 1981, 1997 என்று மூன்று முறை வென்றவர் ஸ்டூ உங்கர். அவரைப் போல ஆடப் பிறந்தவர் இல்லை என்பார்கள். ஆனால் சீட்டில் வந்த காசு குதிரைப் பந்தயத்திலும் போதையிலும் போனது. 1997-ல் போட்டிக்கான 10,000 டாலர் நுழைவுக் கட்டணத்தையே இன்னொருவர்தான் கட்டினார். பத்து லட்சம் டாலர் பரிசில் பாதி அவருக்குப் போனது. மறு வருடம், 45 வயதில், ஒரு மலிவு விடுதி அறையில் உங்கர் இறந்துகிடந்தபோது கையில் இருந்தது சுமார் 800 டாலர்.

2003-ல் கிறிஸ் மணிமேக்கர் (நிஜப் பெயரே அதுதான் சாமி!) என்ற கணக்காளர், இணையத்தில் சிறு கட்டணத் தகுதிச்சுற்றில் ஜெயித்து உள்ளே வந்து 25 லட்சம் டாலர் வென்றார். அந்த வருடம் 839 பேர் ஆடிய போட்டியில் 2006-ல் 8,773 பேர். உலகம் முழுக்க ஆபீஸ் போகிறவனுக்கெல்லாம் 'நாமும் ஏன்...' என்று தோன்றிய காலம் அது.

அதே சமயம் கிறிஸ் ஃபெர்குசன் என்ற ஆட்டக்காரர் ஒரு சோதனை செய்தார். இலவசப் போட்டிகளில் பூஜ்யத்தில் தொடங்கி 10,000 டாலர் சேர்ப்பது. விதி: எந்த மேஜையிலும் கையிருப்பில் 5 சதவீதத்துக்கு மேல் கொண்டு உட்காரக் கூடாது. பெரிய போட்டி என்றால் 2 சதவீதம். மேஜையில் இருக்கும் பணம் மொத்தத்தில் 10 சதவீதத்தைத் தாண்டினால் எழுந்துவிட வேண்டும். ஒன்றரை வருடம் போல ஆனது, சேர்த்தும் விட்டார்.

கதையின் மீதி 2011-ல். அவர் இயக்குநராக இருந்த ஃபுல் டில்ட் நிறுவனம் ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது சுமார் 39 கோடி டாலர், வங்கியில் இருப்பது சுமார் 6 கோடிதான் என்று அமெரிக்க அரசு வழக்கறிஞர்கள் நீதிமன்றத்தில் சொன்னார்கள். ஐந்து சதவீத விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்தவன் பணமும் சேர்ந்தே மாட்டிக்கொண்டது. அமெரிக்க ஆட்டக்காரர்களுக்கு அது திரும்பத் தொடங்கியது 2014-ல்.

அந்த நிறுவனத்தின் பெயரில் இருக்கும் 'டில்ட்' பின்பால் இயந்திரத்திலிருந்து வந்த சொல். ஆத்திரத்தில் இயந்திரத்தைப் பிடித்து ஆட்டினால் 'டில்ட்' என்று விளக்கு எரிந்து ஆட்டம் நின்றுவிடும். மனிதனுக்கு அந்த விளக்கு இல்லை. தோற்ற காசை இன்றைக்கே எடுத்துவிட வேண்டும் என்ற வெறியில் எவன் என்ன சீட்டு வைத்திருந்தாலும் கட்டிக்கொண்டே போவான். கானமன், ட்வெர்ஸ்கி 1979-ல் எழுதிய கட்டுரையின் சாரம் இதுதான்: ஆயிரம் ரூபாய் கிடைத்த சந்தோஷத்தைவிட ஆயிரம் ரூபாய் போன வலி பெரிது. அந்த வலியில்தான் மனிதன் துணியக்கூடாததற்குத் துணிகிறான்.

இதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இங்கே புனேயில் என்னோடு தங்கியிருந்த திருநெல்வேலித் தம்பி ஒருவன் 2024-ல், "அண்ணே, வேலைய விட்டுட்டு முழுநேரமா போக்கர்தான் ஆடப் போறேன்" என்றான். அப்பா பலசரக்குக் கடை, தங்கை கல்லூரியில். நான் உபதேசம் செய்யவில்லை. "ஆறு மாசம் நோட்டுல எழுது தம்பி. எப்ப உக்காந்த, எப்ப எந்திரிச்ச, எவ்வளவு. அப்புறம் விடு" என்றேன். எழுதினான். பன்னிரண்டு மணிக்குள் எழுந்த ராத்திரிகளில் நல்ல லாபம். பன்னிரண்டுக்கு மேல் உட்கார்ந்த ராத்திரிகள், எல்லாமே தோற்றதை எடுக்க உட்கார்ந்தவை, அதில் முக்கால்வாசியைத் தின்றிருந்தன. மிச்சத்தில் 30 சதவீதம் வரி. 2023 அக்டோபரிலிருந்து போட்ட பணத்துக்கு 28 சதவீத ஜிஎஸ்டி வேறு. நோட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் படுத்துவிட்டான். வேலையை விடவில்லை.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதமே பார்க்காமல், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்து சட்டம் நிறைவேற்றியது. ரம்மி திறமை ஆட்டம் என்று 1967-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னதை நம்பி வளர்ந்த தொழில் அது. பெரிய நிறுவனங்கள் சில நாட்களிலேயே பண ஆட்டத்தை மூடின. வேலையை விட்டிருந்தால் அன்றைக்கு அவன் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

திறமையின் மதிப்பும் முன்பு போல இல்லை. 2017 ஜனவரியில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் லிப்ராட்டஸ் என்ற நிரல், நான்கு கைதேர்ந்த ஆட்டக்காரர்களை 1,20,000 கைகள் ஆடித் தோற்கடித்தது. அதற்குத் தூக்கம் வராது, தங்கை கல்யாணம் கிடையாது, தோற்றதை இன்றைக்கே எடுக்க வேண்டும் என்ற அவசரமும் கிடையாது.

அந்தத் தம்பி நோட்டை மட்டும் விடவில்லை. இப்போது பங்குச்சந்தைக்கு அதே மாதிரி எழுதுகிறான். எந்த மணிக்கு வாங்கினான் என்ற பத்தியும் உண்டு.