தூளாக வந்த ஊசி மருந்து: கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு வரலாறு

போன கிழமை என் சின்ன மகனுக்கு ஒன்பது மாத ஊசி போட கிளினிக்குக்குப் போயிருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு தாய் மெதுவாகக் கேட்டா: "டீச்சர், பாத்தீங்களா, போத்தலுக்குள்ள காய்ஞ்ச தூளுதான் இருக்கு. தண்ணி கலந்துதான் குத்துறாங்க. பழைய மருந்தா இருக்குமோ?"

அந்த இடத்தில் இரண்டு வரியில் பதில் சொன்னேன். அவவுக்குத் திருப்தி வரவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அதனால்தான் இதை ஆறுதலாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பெரியம்மை. எட்வர்ட் ஜென்னர் 1796 இல் பசு அம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று காட்டினார். மருந்து கிடைத்துவிட்டது, ஆனால் அதைத் தூரத்துக்குக் கொண்டுபோக வழி இல்லை. வெயிலில் சில நாட்களிலேயே அது செத்துவிடும். அப்போது மனிதக் கைகள்தான் குளிர்சாதனப் பெட்டி. 1803 இல் ஸ்பெயினில் இருந்து பல்மிஸ் என்ற வைத்தியர் அமெரிக்கக் கண்டத்துக்குக் கப்பல் ஏறியபோது 22 அநாதைச் சிறுவர்களைக் கூட்டிப்போனார். இரண்டு பிள்ளைகளுக்குக் குத்துவது, ஒன்பது பத்து நாளில் கொப்புளம் முற்றியதும் அதிலிருந்து எடுத்து அடுத்த இரண்டு பேருக்குக் குத்துவது. இப்படியே கடலைக் கடந்தார்கள். அந்தப் பிள்ளைகளின் சம்மதத்தை யார் கேட்டார்கள்? வாசித்த நாளில் இருந்து என்னை உறுத்தும் கேள்வி அது.

நம் பக்கத்துக்கும் மருந்து அப்படித்தான் வந்தது. வியன்னாவில் இருந்து பக்தாத், அங்கிருந்து பஸ்ரா, பிறகு கப்பலில் கை மாறிக் கை மாறி 1802 யூனில் பம்பாய். அதே ஆண்டில் இலங்கைக்கும் வந்து சேர்ந்தது.

பிறகு கன்றுகளின் தோலில் மருந்தை வளர்த்து, கிளிசரினில் கலந்து அனுப்பினார்கள். குளிர் நாடுகளுக்கு அது போதும். வெப்ப நாடுகளில் ஊசி போட்டதாகப் பதிவு இருக்கும், குப்பிக்குள் இருந்த மருந்தோ வழியிலேயே வீரியம் இழந்திருக்கும். ஊசி போட்ட பிள்ளைக்கே அம்மை வந்தால் அந்த ஊரில் அடுத்த தாய் கை நீட்டுவாளா?

அப்படியானால் காய வைத்து அனுப்பலாமே என்று தோன்றும். கருவாட்டை நினைத்துப் பாருங்கள். மீனை வெயிலில் காய வைத்தால் கெடாது, உண்மை. ஆனால் கருவாட்டை எத்தனை நாள் தண்ணீரில் ஊறப்போட்டாலும் பச்சை மீன் ஆகாது. மருந்துக்குள் இருக்கும் புரதமும் வைரசும் அப்படித்தான். சூடு பட்டால் குலைந்துவிடும், பிறகு தண்ணீர் சேர்த்தும் பயனில்லை.

தரம் பத்துப் பிள்ளைகளுக்குப் பதங்கமாதல் படிப்பிக்கும்போது அலுமாரியில் போடும் நெப்தலின் உருண்டையைத்தான் உதாரணம் சொல்வோம். உருகாமலேயே கரைந்து காணாமல் போகும். பனிக்கட்டியையும் அப்படிச் செய்யலாம். மருந்தை முதலில் உறைய வைக்க வேண்டும். பிறகு மூடிய அறையில் வைத்துக் காற்றை உறிஞ்சி, அமுக்கத்தைச் சாதாரண வளிமண்டல அமுக்கத்தின் நூற்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுபோக வேண்டும். அந்த நிலையில் பனி தண்ணீராகாமல் நேரே ஆவியாகும். அந்த ஆவி பக்கத்தில் இன்னும் குளிராக உள்ள ஒடுக்கியில் போய்ப் பனியாகப் படியும். தண்ணீர் இருந்த இடமெல்லாம் நுண்ணிய துளைகள். அதனால்தான் பிறகு தண்ணீர் விட்டதும் நொடியில் கரைகிறது. உறைய வைத்து உலர்த்தும் இயந்திரம் என்பது இவ்வளவுதான்: குளிர், வெற்றிடம், பொறுமை.

அந்தீஸ் மலை மக்கள் இயந்திரம் இல்லாமலேயே இதைச் செய்தவர்கள். இரவுக் குளிரில் உருளைக்கிழங்கை உறைய விட்டு, மிதித்து நீரை நீக்கி, பகல் வெயிலில் காய வைத்தார்கள். ஆய்வுகூடத்தில் செய்தவர்கள் 1906 இல் பாரிசில் போர்தாஸ், தார்சோன்வால் இருவரும், 1909 இல் அமெரிக்காவில் ஷாக்கெல் என்பவரும். 1930களில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் ஃப்ளோஸ்டோர்ஃப், மட் ஆகியோர் இதைச் சீரத்துக்குப் பயன்படும் ஒழுங்கான முறையாக்கினார்கள். பிறகு யுத்தம் வந்தது. பெரிய இயந்திரங்களைக் கட்டச் செய்தது அதுதான். காயப்பட்ட சிப்பாய்களுக்காகக் குருதியின் மஞ்சள் நீரை, அதாவது பிளாஸ்மாவை, உலர்த்தி ஒரு போத்தலிலும், சுத்தமான நீரை இன்னொரு போத்தலிலும் போர்முனைக்கு அனுப்பினார்கள். அந்த இரத்தச் சேகரிப்பைத் தொடக்கத்தில் வழிநடத்தியவர் சார்ள்ஸ் ட்ரூ என்ற கறுப்பின வைத்தியர். ஆனால் அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பின மக்களின் இரத்தத்தை வேண்டாம் என்றது, பிறகு வாங்கித் தனியாகப் பிரித்து வைத்தது. உலர்ந்து தூளான பிறகும் நிறம் பார்த்திருக்கிறார்கள்!

சரி, பெரியம்மைக்குத் திரும்புவோம். இங்கிலாந்தின் லிஸ்டர் நிறுவனத்தில் லெஸ்லி கொலியர் என்ற ஆய்வாளர் 1950களின் தொடக்கத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தார். மருந்தில் உள்ள பற்றீரியாவைக் கொல்லச் சேர்க்கும் பீனோல், உலர்த்தும்போது வைரசையும் கெடுக்கிறது. அவர் மருந்தை மையநீக்க இயந்திரத்தில் சுழற்றிப் பீனோலை நீக்கினார். வைரசைக் காக்க பெப்டோன் என்ற புரதப் பொருளைச் சேர்த்தார். பிறகு உறைய வைத்து உலர்த்தி, கண்ணாடிக் குப்பியில் அடைத்தார். 37 பாகை வெப்பத்தில் இரண்டு வருடம் வைத்தும் அது வேலை செய்தது. 1955 இல் முறையை வெளியிட்டார். இவ்வளவு பெரிய வேலை செய்த மனிதரின் பெயர் எந்தப் பாடப்புத்தகத்திலும் என் கண்ணில் பட்டதில்லை.

சோவியத் ஒன்றியம் இந்த உலர் மருந்தை 100 கோடி வேளைகளுக்கும் மேல் இலவசமாகக் கொடுத்தது. 1967 இல் உலக சுகாதார நிறுவனம் தீவிர ஒழிப்பைத் தொடங்கியபோது எல்லா நாட்டு மருந்தையும் பரிசோதித்தார்கள். பல நாடுகளின் மருந்து தரத்துக்கு வரவில்லை. கண்டிப்புடன் திருத்தினார்கள். கூடவே பென்ஜமின் ரூபின் இரண்டு முனை ஊசியைக் கொண்டுவந்தார். தையல் ஊசியின் காதைத் தேய்த்து உருவாக்கிய யோசனை அது! ஒரு குப்பி மருந்து நான்கு மடங்கு ஆட்களுக்குப் போதுமானது. குளிரூட்டி இல்லாத கிராமங்களுக்கு ஆட்கள் மருந்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்துபோனார்கள்.

1975 ஒக்டோபரில் பங்களாதேசின் போலாத் தீவில் ரஹீமா பானு என்ற சின்னப் பிள்ளைக்கு வந்ததுதான் கொடிய வகை அம்மையின் கடைசி இயற்கைத் தொற்று. 1977 ஒக்டோபரில் சோமாலியாவின் மெர்க்கா நகரில் ஆஸ்பத்திரிச் சமையற்காரர் அலி மாவ் மாலினுக்கு மற்ற வகை வந்து, அத்தோடு நோய் முடிந்தது. இருவரும் பிழைத்தார்கள். மாலின் பின்னாளில் போலியோச் சொட்டு மருந்துக்காக வீடு வீடாகப் போய்த் தாய்மாருடன் பேசினார்.

இனி கிளினிக் கேள்விக்கு வருவோம். ஒன்பது மாதத்தில் போடும் எம்.எம்.ஆர். ஊசியும், பிறந்ததும் போடும் பி.சி.ஜி.யும் இதே முறையில் உலர்த்தியவைதான். தூளாக இருப்பது பழசு என்பதால் அல்ல, உயிருள்ள கிருமியைப் பலவீனப்படுத்திக் காப்பாற்றி வைத்திருப்பதால். ஆனால் பெரியம்மை மருந்தைப் போல இவை வெப்பத்தைத் தாங்காது, குளிரில்தான் வைக்க வேண்டும். தண்ணீர் கலந்த பிறகு ஆறு மணித்தியாலம்தான் ஆயுள், மிச்சத்தை எறிய வேண்டும். பல பிள்ளைகளுக்குரிய குப்பியை ஒரு பிள்ளைக்காக உடைத்தால் மற்றதெல்லாம் வீண். மிட்வைஃப் மிஸ் "இன்ன நாளைக்கு வாங்க" என்று கார்டில் எழுதித் தருவது அதனால்தான்.

அந்தத் தாய் இதை வாசிப்பாவோ தெரியாது. அவவுக்குத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.